அழிக்கவொண்ணா ஏட்டில் உழைப்பாளியின் பெயரா?

கடன் தீர்ந்த அன்றே கடன்முறியைக் கிழித்து, வாங்கியவன் கையில் தந்துவிடுவது நம் ஊர்ப்புற வழக்கு. கொடுத்தவனும் மறந்தான், வாங்கியவனும் மறந்தான், ஊரும் மறந்தது. எழுதி வைப்பது அறிவுடைமை எனின், எழுதியதைக் கிழிக்க வேண்டிய நாளில் கிழிப்பதும் அதே அறிவுடைமைதான்.

எதனைக் கல்லில் வெட்டுவது, எதனை ஓலையில் விடுவது என்னும் தெளிவு நம் முன்னோர்க்கு இருந்தது. கொடை, நில எல்லை, ஏரி நீர் பகிர்வு, ஊரவை முறை ஆகியவை கல்லில் ஏறின. பத்தாம் நூற்றாண்டின் உத்தரமேரூர்க் கல்வெட்டைப் பாருங்கள். குடவோலை முறையின் ஒழுங்கு முழுவதும் அங்குக் கல்லில் உள்ளது. குடத்தில் இட்ட ஓலைகளோ கல்லில் இல்லை. முறை கல்லில், ஓலை குடத்தில். மாந்த வாழ்க்கைக்கு இவ்விரண்டும் வேண்டும்.

இவ்வேறுபாட்டைத் துடைத்தெறியும் ஒரு புதுப்பொறி இன்று உலகில் உலவுகின்றது. ‘பிளாக்செயின்’ என்று உலகோர் வழங்கும் கட்டத்தொடர் ஏட்டின்மேல் கட்டப்பெற்ற குமுகாய ஊடகங்களையே குறிப்பிடுகின்றோம். முகநூலும் புலனமும் வலையொளியும் பரவிய அளவிற்கு அவை நம்மிடம் பரவவில்லை. ஆயினும், ‘எழுது, காசு வரும், எவரும் உன் எழுத்தை அழிக்க முடியாது’ என்னும் இனிப்பான அழைப்போடு அவை வருகின்றன. திருப்பூர் இராயபுரத்தில் எண்ணிக்கைக் கூலிக்குத் தைக்கும் தம்பிக்கும், துணி மடிக்கும் தங்கைக்கும் இதனால் வருவது என்ன என்பதை, வந்த பின் புலம்பாமல், வருமுன்னரே எண்ணிப் பார்ப்பது நம் கடன்.

முதலில் இவ்வேடு இயங்கும் வகையை அறிவோம். ‘சடோசி நகமோட்டோ’ என்னும் புனைபெயரில் 2008-ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு கட்டுரையினின்று பிட்காயின் என்னும் மின்காசு பிறந்தது. அதன் கணக்கேட்டின் முதற்கட்டம் 2009 சனவரி 3-ஆம் நாள் எழுதப்பெற்றது. கொடுக்கல் வாங்கல்கள் பல சேர்ந்தது ஒரு கட்டம். ஒவ்வொரு கட்டமும் தனக்கு முந்திய கட்டத்தின் கைந்நாட்டுப் போன்ற ஒரு கணக்குக் குறியைத் தன்னுள் தாங்கி நிற்கும். பழைய கட்டத்தில் ஓர் எழுத்தை மாற்றினாலும் அக்குறி மாறிவிடும். பின்வரும் கட்டங்கள் யாவும் அம்மாற்றத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். ஏட்டின் படியும் ஓரிடத்தில் இல்லை. உலகெங்கும் எண்ணற்ற கணிப்பொறிகளில் ஒரே படி கிடக்கின்றது. எவரும் அதனைப் படிக்கலாம், எவரும் படியெடுக்கலாம், எவரும் தனித்து நின்று அழிக்க இயலாது.

காசுக் கணக்கிற்கு இஃது ஏற்ற முறையாகலாம். கணக்கைத் திருத்துபவன் கள்வன் என்பது ஊரறிந்த செய்தி. ஆனால் பேச்சைத் திருத்துபவன் கள்வன் ஆவானா? சினத்தில் சொன்ன சொல்லைத் திரும்பப் பெறுபவனைப் பண்புடையவன் என்றன்றோ நாம் சொல்கின்றோம்!

2016-இல் தொடங்கப்பெற்ற ‘சுடீமிட்டு’ என்னும் ஊடகம், பேச்சையே இவ்வேட்டில் எழுதத் தொடங்கியது. யார் என்ன எழுதினார், யார் அதனை விரும்பினார், யார் மறுத்தார், யார் யாருக்கு எத்துணைக் காசு விடுத்தார் என்பன எல்லாம் மூன்று நொடிக்கு ஒரு கட்டமாக அவ்வேட்டில் ஏறின. எழுதியதை நீக்கும் வழியும் திரையில் உண்டு. ஆனால் அது திரையை மட்டுமே துடைக்கும். பழைய கட்டத்தில் பழைய எழுத்து அப்படியே இருக்கும். தேடத் தெரிந்தவன் எடுத்துக்கொள்வான். 2022-இல் வந்த ‘இலென்சு’ என்பதோ, ஒருவர் யாரைப் பின்தொடர்கின்றார் என்னும் உறவையும் ஏட்டில் பதிந்தது.

அடுத்து நடந்ததையும் கேளுங்கள். 2020-இல் சுடீமிட்டுக் குழுமத்தை ஒரு செல்வர் விலைக்கு வாங்கினார். அவர் கையில் ஏட்டின் ஆட்சி போய்விடும் என்று அஞ்சிய பயனர் பலர், அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் ‘ஐவ்’ என்னும் பெயரில் புதுத்தொடர் ஒன்றைத் தொடங்கினர். தொடங்கும்போதே பழைய ஏட்டின் எழுத்துகள் அனைத்தையும் படியெடுத்துக்கொண்டனர். அவர்கள் நோக்கம் விடுதலையே. அதனைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் அதுவரை அங்கு எழுதியவர் எல்லாருடைய பேச்சும் ஒரே நாளில் ஓர் ஏட்டினின்று ஈரேட்டிற்குப் போயிற்று. ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்டு இஃது நடக்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் அம்முறையில் இல்லை. வெளிப்படையான ஏட்டில் எழுதியவன், தன் எழுத்தின் படிகளுக்கு உரிமையாளன் அல்லன்.

‘உண்மைப் பெயரையா எழுதுகின்றோம்? எண்ணும் எழுத்தும் கலந்த ஒரு முகவரிதானே!’ என்று சிலர் சொல்வர். இங்குதான் பெரிய ஏமாற்றம் இருக்கின்றது. அம்முகவரி முகமூடி அன்று. காலில் கட்டிய நூல். நீங்கள் செய்தவை அனைத்தும் அந்நூலிலேயே கோக்கப்பெற்றுள்ளன. நூலின் ஒரு முனை என்றேனும் ஒருநாள் உங்கள் பெயரோடு முடிச்சு விழுந்தால் போதும். பத்தாண்டுப் பேச்சும் பத்தாண்டுக் காசும் ஒருசேர உங்கள் வாயிலில் வந்து நிற்கும்.

முடிச்சு விழும் இடங்களோ பல. ஊடகம் தந்த மின்காசை உருவாவாக மாற்ற வேண்டுமெனின் மாற்றகம் ஒன்றை நாட வேண்டும். 2023 மார்ச்சு 7-ஆம் நாள் அறிவிப்பால், அத்தகைய மாற்றகங்களை இந்திய அரசு பணச்சலவைத் தடுப்புச் சட்டத்தின்கீழ்க் கொணர்ந்துள்ளது. வருவோரின் அடையாளத்தைப் பதிந்து வைப்பது அவற்றின் கடமை. குற்றத்தைத் தடுக்க அது தேவை எனலாம். ஆயினும் முகவரியும் பெயரும் ஒரே மேசையில் சந்திக்கும் இடம் அதுவே. அதே 2023-இல் ‘பிரண்டுடெக்கு’ என்னும் ஊடகத்தின் பயனர் நூறாயிரத்துக்கும் மேற்பட்டோரின் ஏட்டு முகவரிகளும், அவர்களின் பிற ஊடகப் பெயர்களும் இணைத்துத் தொகுக்கப்பெற்று வெளியாயின. வெளிப்படையாகக் கிடந்தவற்றைத்தான் யாரோ திரட்டினர் என்பதே அக்குழுமத்தின் மறுமொழி. பூட்டை உடைக்காமலே வீட்டுப் பொருளை வெளியே பரப்பலாம் எனில், அவ்வீட்டிற்குக் கதவே இல்லை என்பதன்றோ பொருள்!

இனி, இராயபுரத்திற்கு வருவோம். திருப்பூரின் இத்தகைய பகுதிகளில் தொழிற்கூடமும் குடியிருப்பும் ஒட்டியே நிற்கின்றன. முதலாளியும் ஒப்பந்தக்காரரும் தொழிலாளியும் ஒரே தெருவில் நடப்பவர்கள். ஒரு தையற்கூடத்தில் கூலி நிலுவை விழுகின்றது என்று வைத்துக்கொள்வோம். தொழிலாளி ஒருவர் புனைபெயரில் அதனை அழியா ஏட்டில் எழுதுகின்றார். நிலுவை தீர்கின்றது, பூசல் ஆறுகின்றது. மூன்றாண்டு கழித்து வேறொரு கூடத்தில் வேலை கேட்டுச் செல்கின்றார். அதற்குள் அவர் முகவரி அவர் பெயரோடு முடிச்சு விழுந்திருந்தால், தீர்ந்த பூசல் தீராத பூசலாக அவருக்கு முன்னே போய் அங்கு அமர்ந்திருக்கும். ‘இவன் கிளர்ச்சிக்காரன்’ என்று ஒரு பட்டியல் போடுவதற்கு இனி எவரும் ஒற்றனை அமர்த்த வேண்டுவதில்லை. ஏட்டைப் புரட்டினால் போதும்.

1984-இல் பஞ்சப்படிக்காகத் திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். அத்தகைய போராட்டம் முழக்கத்தில் தொடங்குவதில்லை. தேநீர்க்கடை ஓரத்திலும், உணவு இடைவேளையிலும், இரவு முறை முடிந்து நடக்கும் வழியிலும் பேசப்பெறும் தாழ்குரற் பேச்சில் தொடங்குகின்றது. முதலில் ஐயம், பின் அச்சம், பின் ஒருவரை ஒருவர் நம்பல், அதன் பின்னரே முழக்கம். அத்தாழ்குரற் பேச்சைக் காற்று கொண்டு போயிற்று. அதனால் பேசியவர் காக்கப்பெற்றனர். அப்பேச்சு ஒவ்வொன்றும் நாளும் நொடியும் குறித்து எவரும் படிக்கத்தக்க ஏட்டில் ஏறியிருந்தால், வாய் திறக்க எத்தனை பேர் துணிந்திருப்பர்? தனியுரிமை என்பது செல்வர் வீட்டுத் திரைச்சீலை அன்று. எளியவன் ஒன்றுகூடுவதற்கு வேண்டிய இருட்டு அது.

பெண்களின் நிலை இதனினும் கொடிது. வெளியூரினின்று வந்து விடுதியில் தங்கித் தைக்கும் ஓர் இளம்பெண்ணின் நிழற்படத்தை, அவள் அறியாமல் ஒருவன் இழிசொல்லோடு வெளியிட்டால், வழக்கமான ஊடகத்தில் முறையீடு செய்து நீக்க ஒரு வழியேனும் உண்டு. காவல்துறையும் வழக்குமன்றமும் ஆணை விடுக்க ஒரு குழுமம் உண்டு. அழியா ஏட்டில் ஏறிவிட்டால் ஆணையை யாருக்கு விடுப்பது? உலகெங்கும் சிதறிக் கிடக்கும் கணிப்பொறிகளுக்கா?

2023 மார்ச்சுத் தொடக்கத்தில் நடந்ததை நாடு மறந்திராது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்பெறுகின்றனர் என்று பொய்க்காட்சிகள் பரவின. அவற்றுள் ஒன்று, திருப்பூரில் பீகார்த் தொழிலாளரின் இரு குழுக்களுக்கிடையே முன்னர் நடந்த பூசல். மற்றொன்று, கோவையில் உள்ளூரார் இருவருக்கிடையே நடந்த சண்டை. இதனைத் தமிழ்நாட்டுக் காவல்துறைத் தலைமை இயக்குநரே விளக்கினார். பீகார் அரசின் குழுவும் நேரில் வந்து உசாவிச் சென்றது. பொய் பரப்பியோர் மீது வழக்குகள் பதியப்பெற்றன. அக்காட்சியில் முகம் தெரிந்த தொழிலாளர்கள் யாவர்? அவர்கள் எவரிடமும் எவரும் ஒப்புதல் கேட்கவில்லை. தம் பூசல் இருவேறு மாநில மக்களைப் பகைமூட்டும் கருவியாகும் என்று அவர்கள் கனவிலும் கருதியிரார். அப்பொய் அழியா ஏட்டில் ஏறியிருந்தால், மறுப்பு ஒரு கட்டத்தில் கிடக்கும். பொய் மற்றொரு கட்டத்தில் கிடக்கும். இரண்டிற்கும் ஒரே வாழ்நாள். வேண்டும்போது பொய்யை மட்டும் எடுத்து மீண்டும் ஊதுவதற்கு ஆள் இல்லாமலா போகும்?

மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2018 ஏப்பிரலில் சீனத்துப் பீக்கிங் பல்கலைக்கழகத்தில், பாலியற் கொடுமை வழக்கொன்றின் உண்மையைக் கேட்ட மாணவி ஒருவர் தமக்கு நேர்ந்த மிரட்டலைத் திறந்த மடலாக எழுதினார். அம்மடல் அந்நாட்டு ஊடகங்களினின்று அழிக்கப்பெற்றது. உடனே எவரோ அதனை ‘எத்தீரியம்’ என்னும் தொடரேட்டில் ஒரு கொடுக்கல் குறிப்பாகப் பதிந்துவிட்டனர். அழிக்கும் கை அங்கு எட்டவில்லை. ஆட்சியாளர் உண்மையை அழிக்கும் இடத்தில் அழியா ஏடு எளியவனுக்குப் படைக்கலம் ஆகின்றது என்பதை மறுப்பவர் அல்லேம். இனத்தின் துன்பத்தைச் சான்றாக நிறுத்த வேண்டிய நாளில் அவ்வேடு நமக்கும் பயன்படலாம்.

ஆயினும் வேறுபாட்டை நோக்குக. அம்மடல் ஊரறியவே எழுதப்பெற்றது. ஆட்சி வலிமைக்கு எதிராக நின்ற சான்று அது. நாம் அஞ்சுவதோ, ஊரறிய எழுதப்பெறாத பேச்சும் ஒப்புதல் பெறாத படமும் அதே ஏட்டில் ஏறுவதை. ஆள்வோனின் செயல் அழியாமல் நிற்கட்டும். ஆளப்படுவோனின் தனிவாழ்வு அழிக்கத்தக்கதாக இருக்கட்டும். இவ்விரண்டையும் ஒரே தட்டில் இடுவது சமன்மை ஆகாது. வலியவனுக்கு வாய்ப்பே ஆகும்.

சட்டம் காக்கும் என்பார்க்கு ஒரு சொல். தனியுரிமை அரசமைப்பு தந்த அடிப்படை உரிமையே என்று 2017 ஆகத்து 24-ஆம் நாள் புட்டசாமி வழக்கில் உச்ச வழக்குமன்றத்தின் நடுவர் ஒன்பதின்மரும் ஒருமனமாகத் தீர்ப்பளித்தனர். அதன் பின்னர் 2023 ஆகத்தில் தனியர் மின்தரவுக் காப்புச் சட்டம் இயற்றப்பெற்றது. தம் தரவைத் திருத்தவும் அழிக்கவும் கேட்கும் உரிமையை அதன் 12-ஆம் பிரிவு பேசுகின்றது. நன்று. ஆனால் அதன் 3-ஆம் பிரிவைப் படித்தவர் எத்துணைப் பேர்? ஒருவர் தாமே பொதுவில் வெளியிட்ட தம் தரவிற்கு இச்சட்டம் பொருந்தாது என்கின்றது அப்பிரிவு. தம் கருத்தை எழுதுங்கால் தம் செய்திகளைக் குமுகாய ஊடகத்தில் தாமே வெளியிட்ட ஒருவரையே அதற்கு எடுத்துக்காட்டாகவும் காட்டுகின்றது! வெளிப்படையான தொடரேட்டில் எழுதுவதோ முழுவதும் பொதுவில் வெளியிடுவதே. எனவே எழுதிய அந்நொடியிலேயே இச்சட்டத்தின் காப்பை இழக்கின்றீர்கள். சட்டத்தின் விதிகளும் 2025 நவம்பரில்தான் வெளிவந்தன. குடிமக்களின் உரிமைகளைச் செயற்படுத்தும் பகுதிகளுக்கு மேலும் 18 திங்கள் இடைவெளி தரப்பெற்றது.

வழக்குமன்றத்தில் அழிப்புரிமை பெறுவதும் எளிதன்று. குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பெற்ற ஒருவர், தீர்ப்புப் படிகளினின்று தம் பெயரை நீக்கக் கோரிச் சென்னை உயர் வழக்குமன்றத்தின் மதுரைக் கிளையை நாடினார். சட்டம் இல்லை என்று 2021-இல் கோரிக்கை மறுக்கப்பெற்றது. மேல்முறையீட்டில் 2024 பிப்பிரவரியில் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. அவ்வாண்டு சூலைத் திங்களில் உச்ச வழக்குமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது. ஆணையிட்டால் நீக்கத்தக்க இணையத்தளத்தின் நிலையே இஃதெனின், எவர் ஆணைக்கும் கட்டுப்படாத ஏட்டின் நிலை என்னாகும்?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடைமுறையிலுள்ள தரவுக் காப்புச் சட்டம் அழிப்புரிமையை வெளிப்படையாகவே தந்துள்ளது. அவ்வொன்றியத்தின் தரவுக் காப்பு வாரியம், தரவுக் காப்பு நெறிகளோடு முரணும் இடங்களில் தனியர் தரவைத் தொடரேட்டில் வைப்பதைத் தவிர்க்க வேண்டும் என்று 2025 ஏப்பிரலில் வழிகாட்டியது. அழிக்க முடியாத இடத்தில் அழிக்க வேண்டியதை எழுதாதே என்பதே அதன் சுருக்கம். உத்தரமேரூர்க் கல்லும் அதனைத்தான் சொல்கின்றது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. எழுத்தை வேறோர் இடத்தில் வைத்து, அதன் கணக்குக் குறியை மட்டும் ஏட்டில் பதியலாம். எழுத்தை அழித்தால், ஏட்டில் எஞ்சும் குறியைக் கொண்டு அதனைப் படிக்க இயலாது. ‘பார்காசுட்டர்’ போன்ற ஊடகங்கள் அடையாளப் பதிவை மட்டும் ஏட்டில் வைத்து, எழுத்தை வேறு கணிப்பொறிகளில் வைத்தன. எனவே பொறியால் இயலாது என்பது பொய்; அமைப்போரின் மனம் வேண்டும் என்பதே மெய்.

தமிழ்நாட்டு அரசு 2020-இலேயே தொடரேட்டுக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. பின்னர் ‘நம்பிக்கை இணையம்’ என்று நல்ல தமிழ்ப்பெயர் சூட்டி, அரசுப் பணிகளுக்கான தொடரேட்டை நிறுவியுள்ளது. சான்றிதழின் மெய்ம்மையைக் காட்ட அது பயன்படுவதை வரவேற்கின்றோம். சான்றிதழ் வேறு, பேச்சு வேறு. இத்தெளிவு கொள்கையிலும் எழுத்தாக வேண்டும். ஆகவே நாம் வேண்டுவன இவை:

ஒன்று: பொதுத் தொடரேட்டில் இயங்கும் எக்குமுகாய ஊடகமும் பெயர், முகம், உறவு, ஊர், கைப்பேசி எண் ஆகியவற்றை ஏட்டில் நேரே எழுதலாகாது, குறியை மட்டும் எழுத வேண்டும் என்று சட்டம் செய்யப்பெறல் வேண்டும்.

இரண்டு: பிறர் ஒருவரின் படத்தை அவர் ஒப்புதலின்றி அழியா ஏட்டில் ஏற்றுவது, வழக்கமான ஊடகத்தில் ஏற்றுவதினும் கடுங்குற்றமாகக் கொள்ளப்பெறல் வேண்டும். அழிக்கவொண்ணாத் தீங்கிற்கு மிகுதியான தண்டனையே முறை.

மூன்று: ‘இங்கு எழுதியதை எவராலும் எந்நாளும் அழிக்க இயலாது’ என்னும் எச்சரிக்கை, எழுதுமுன் தமிழில் திரையில் தோன்றல் வேண்டும். ஒப்புதல் கேட்கும் மடலை ஆங்கிலத்திலோ, அரசமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளுள் ஒன்றிலோ பெறும் வாய்ப்பை 2023-ஆம் ஆண்டுச் சட்டமே தந்துள்ளது. வடபுலத்தினின்று வந்து இங்கு உழைப்போர்க்கும் அவரவர் மொழியில் அவ்வுரிமை உண்டு. புரியாத மொழியில் பெற்ற ஒப்புதல் ஒப்புதல் அன்று, பறிப்பு.

நான்கு: தொழிற்சங்கங்களும் மன்றங்களும் தம் உறுப்பினர் பட்டியல், கூட்டச் செய்தி, நன்கொடைக் கணக்கு ஆகியவற்றை இத்தகைய ஏடுகளில் வைத்தல் கூடாது.

சட்டம் வரும்வரை நாமே நமக்குக் காவல். காசு தரும் என்பதற்காக முன்பின் அறியாத ஏட்டில் முகத்தை அடகு வைக்காதீர்கள். பிள்ளைகளின் படத்தை அங்கு ஏற்றாதீர்கள். பெரியவரானபின் அதனை வேண்டாம் எனும் உரிமை அவர்களுடையது. உடன் உழைப்பவனின் துன்பத்தை எழுதுமுன் அவனைக் கேளுங்கள். பொதுவில் நிற்க வேண்டிய உண்மையாயின் துணிந்து, அறிந்து, விளைவு எண்ணி எழுதுங்கள்.

தமிழ் உழைப்பாளி தன் வியர்வையைப் பின்னலாடையாக்கி உலகிற்கு விடுக்கின்றான். துணிக்கு விலை உண்டு. அதனைக் கொடுத்தே உலகம் வாங்குகின்றது. அவன் பேச்சையும் முகத்தையும் உறவையும் விலையின்றி, காலவரையின்றி, கேள்வியின்றி எடுத்துக்கொள்ள எவ்வேட்டிற்கும் உரிமை இல்லை. ஆள்வோரின் கணக்கு கல்லில் நிற்கட்டும். எளியவனின் ஓலை குடத்திலேயே இருக்கட்டும்!